கற்பனை உலகத் தொடரின் முதல் பாகம்: ஏன் இத்தனை மந்தம், ஏன் முடிவே இல்லை?

தொலைக்காட்சித் தொடர் ஒன்றைக் கைபேசியில் பார்த்து முடித்த உயர்தர வகுப்புப் பிள்ளை அதன் மூல நாவலைத் தேடி எடுக்கிறார். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இப்படித் தேடுகிற பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். நூலைத் திறந்ததும் வரைபடம். கடைசிப் பக்கங்களில் வம்ச அட்டவணை. முதல் அத்தியாயத்தில் வருகிற ஆட்கள் அந்த அத்தியாயத்திலேயே செத்துப்போகிறார்கள். ஐம்பது பக்கம் தாண்டியும் யார் கதாநாயகன் என்று விளங்கவில்லை. ஒருவழியாக 700 பக்கத்தை முடித்தால் கதை நடுவழியில் நிற்கிறது. இதைப் போய் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

விடை சொல்ல, இந்த முதல் பாகங்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். அவற்றை எடைபோடுவதற்கான சில அளவுகோல்கள் வன்னி வாசகரிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்பது என் எண்ணம்.

இது என்ன வகை நூல்?

பேய்க்கதையில் உலகம் நம்முடையது. அதற்குள் ஒரு அதிசயம் நுழைகிறது. நாம் பேசும் ஃபேன்டசி வகையில் நிலம், வானம், நாட்காட்டி, மொழி, சாமி எல்லாமே ஆசிரியர் படைத்தவை. ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1939இல் ஆற்றிய விரிவுரை ஒன்றில் இதை ‘இரண்டாம் உலகம்’ என்றார். அந்த உலகத்தின் விதிகளுக்கு ஏற்ப நடப்பதெல்லாம் உள்ளே இருக்கும்வரை உண்மை. வாசகருக்குச் சந்தேகம் தட்டிய கணமே மாயம் கலைந்துவிடும் என்பது அவர் வாதம்.

அடுத்து, ‘முதல் பாகம்’ என்று அட்டையில் இருப்பதெல்லாம் ஒரே வகை இல்லை.

1. ஒரே நாவலின் முதல் துண்டு. டோல்கீனின் ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ ஒரே நாவலாக எழுதப்பட்டது. போருக்குப் பிந்திய காலத்துக் காகித விலையும், நட்டப்பட்டுவிடுவோமோ என்ற பதிப்பகத்தின் பயமும் அதை மூன்றாக உடைத்தன. 1954இலும் 1955இலும் மூன்று தொகுதிகளும் வந்தன. முதல் தொகுதி சட்டென்று நிற்பதற்கு அச்சுச் செலவுதான் காரணம். அதில் ஆழமான கலை நோக்கம் தேட வேண்டியதில்லை.

2. தன்னளவில் முடிகிற முதல் நூல். அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஒஃப் எர்த்சீ’ இதற்கு நல்ல உதாரணம். தீவுக்கூட்டம் ஒன்றில் ஆடு மேய்க்கும் பையன் மந்திரம் படிக்கிறான், கர்வத்தால் ஒரு கேட்டை அவிழ்த்துவிடுகிறான், கடைசியில் அதை நேர்கொள்கிறான். இருநூறு பக்க அளவில் கதை தீர்ந்துவிடுகிறது.

3. நீண்டுகொண்டே போகும் தொடரின் வாசல். ரொபர்ட் ஜோர்டனின் ‘த ஐ ஒஃப் த வேர்ல்ட்’ (1990), ஜோர்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ (1996) இரண்டும் இந்த வகை. மார்ட்டின் தொடக்கத்தில் நினைத்திருந்தது மூன்றே பாகம். ஐந்தாவது 2011இல் வந்தது. தொடர் இன்னும் முடியவில்லை.

கையில் இருப்பது இதில் எந்த வகை என்று தெரியாமல் வாசிப்பதால்தான் பாதி ஏமாற்றம் வருகிறது. இரண்டாம் வகையிடம் எதிர்பார்க்க வேண்டிய முடிவை மூன்றாம் வகையிடம் கேட்கிறோம்.

ஏன் இத்தனை மந்தம்?

கிளிநொச்சியில் நடக்கும் நாவலில் ‘மார்கழி மழையில் குளம் வான் பாய்ந்தது’ (நிரம்பி வழிந்தது) என்று ஒரு வரி எழுதினால் போதும். எந்த மாதம், எவ்வளவு தண்ணீர், யாருக்குச் சந்தோசம், யாருக்குப் பயம் எல்லாம் இங்குள்ள வாசகர் மனதில் தானாக விரியும். புனைந்த உலகத்தில் அப்படி எதுவும் விரியாது. மழை என்ற ஒன்று அங்கே உண்டா என்பதையே ஆசிரியர் சொல்லியாக வேண்டும். கதை நகர வேண்டிய இடத்தில் தகவல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதைச் சமாளிக்க எழுத்தாளர்கள் கையாளும் உத்திகள் சில திரும்பத் திரும்ப வரும். ஒன்றும் தெரியாத பையனையோ பெண்ணையோ கதாநாயகராக்குவது முதலாவது. அவர் கேட்கும் கேள்வியெல்லாம் நம்முடையது. ஒதுக்குப்புறக் கிராமத்தில் கதை தொடங்குவதற்கும் இதுவே காரணம். தலைநகரில் பிறந்தவருக்கு அரச விவகாரத்தை யாரும் விளக்கிச் சொல்லப்போவதில்லை.

முன்கதை அத்தியாயம் இரண்டாவது. மார்ட்டினின் நாவல் வடக்கே பெருமதிலுக்கு அப்பால், பனிக்காட்டில், மூன்று காவலர்களோடு தொடங்குகிறது. அவர்களை நாம் பின்தொடரப் போவதில்லை. இந்த உலகில் மனிதச் சண்டையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது என்று வாசகர் காதில் போட்டுவைப்பதே அந்த அத்தியாயத்தின் வேலை. அதன்பிறகு நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு அரண்மனைச் சூழ்ச்சி. பாத்திரங்கள் மறந்துபோன ஆபத்தை வாசகர் மறக்காமல் வைத்திருக்கிறார். அந்தப் பதற்றம்தான் நாவலை இழுத்துச் செல்கிறது. செத்துப்போனவர்கள் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்று யாராவது முன்பே சொல்லிவிட்டால் பல பேர் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள்.

வரைபடமும் சொல்லகராதியும் மூன்றாவது. டோல்கீன் முதலில் வரைபடம் போட்டுவிட்டு அதற்குக் கதையைப் பொருத்தியதாகக் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். எத்தனை நாள் நடை, எந்த ஆற்றை எங்கே கடப்பது என்ற கணக்கு இடிக்காமல் இருப்பது அதனால்தான். ஆனால் வாசகர் இவற்றைக் கற்றுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேவைப்படும்போது புரட்டலாம்.

முதல், கரு, உரி

உயர்தரத்தில் தமிழ் படித்தவர்களுக்கு இந்த நூல்களைப் பிரித்துப் பார்க்க வேறு கருவி தேவையில்லை. தொல்காப்பியம் அகத்திணைக்குச் சொன்ன மூன்று பொருளே போதும்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை. உரிப்பொருள் அங்கே நிகழும் வாழ்வின் சாரம்: புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல். இணையத்தில் ‘உலகம் கட்டுதல்’ என்று தரப்படும் நீண்ட கேள்விப் பட்டியல்கள் பெரும்பாலும் முதலோடும் கருவோடும் நின்றுவிடுகின்றன. என்ன சாப்பிடுகிறார்கள், எந்த மிருகத்தில் சவாரி, எத்தனை நிலா? சரி, அங்கே யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

தொல்காப்பியர் இன்னொன்றும் சொல்கிறார்: ‘உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே.’ ஒரு நிலத்துப் பூவும் பறவையும் வேறொரு திணையில் கலந்து வரலாம். உரிப்பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஃபேன்டசி எழுதுபவருக்கு இதைவிடப் பயனுள்ள விதி ஒன்றை நான் காணவில்லை. பாலைவனத்தில் கப்பல் ஓடட்டும், மரம் பேசட்டும், கோடை ஒன்பது ஆண்டு நீளட்டும். தாய் பிள்ளையைப் பிரிகிற இடத்தில் அந்தப் பிரிவு பிரிவாகவே இருக்க வேண்டும். தோற்றுப்போகும் முதல் பாகங்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. எல்ஃப் என்ற மாய இனத்தில் நான்கு வகையினரின் வரலாறு தெரிந்துவிடும், கதாநாயகனுக்கு அம்மா இருந்தாரா என்பது நினைவிலேயே நிற்காது.

இந்தக் கண்ணால் பார்த்தால் முதல் பாகங்களின் உரிப்பொருள் மிகப் பெரும்பாலும் பிரிதல். ஊரைவிட்டுப் போவது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதைப் போலவே, நூறு பக்கம் பசுமையாகக் காட்டப்பட்ட நிலம் திரிந்துபோவதில்தான் கதை தொடங்குகிறது. அந்த நூறு பக்கம் இல்லாவிட்டால் திரிந்தது எது என்று நமக்குத் தெரியாது.

டோல்கீனின் முதல் தொகுதியில் ஷயர் என்ற குட்டி மனிதர் நாட்டில் பிறந்தநாள் விருந்து, பக்கத்து வீட்டுப் பொறாமை, சாப்பாட்டுப் பேச்சு என்று வெகுநேரம் போகிறது. விருந்துக்கும் கதாநாயகன் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கும் இடையில் நூலின் கணக்கில் 17 ஆண்டுகள். சினிமா இதைக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிறது. அந்த மந்தமான பக்கங்களின் பயன் மூன்றாம் தொகுதியின் கடைசியில்தான் தெரியும். வென்று ஊர் திரும்புபவர்கள் காண்பது வெட்டப்பட்ட மரங்களையும், இடையில் முளைத்த படலைகளையும், சுவரில் எழுதி ஒட்டிய சட்டதிட்டங்களையும். 2003இல் வந்த திரைப்படம் இந்தப் பகுதியைத் தொடவே இல்லை. மீள்குடியேறிய ஒரு ஊரில் இருந்து வாசிப்பவருக்கு முழுத் தொடரிலும் மிக அருகில் வரும் பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

உலகம் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க வாளையும் வம்சத்தையும் விட்டுவிட்டுத் தண்ணீரைப் பின்தொடரச் சொல்வேன். வன்னியில் இது இயல்பாக வரும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன், பாவற்குளம், மன்னாரில் கட்டுக்கரை என்று குளங்களைச் சொல்லிக்கொண்டே போனால் ஊர்களையும் சொல்லி முடித்துவிடலாம். கட்டு எங்கே, தண்ணீர் திறந்துவிடும் துருசு எங்கே, வான் எந்தப் பக்கம் பாயும் என்பதை வைத்தே வயலும் வீடும் அமைந்தன. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பது குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துக் கூட்டம் கூடித் தீர்மானிக்கிற காரியம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவின் நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்ததும், அது மாகாண அரசியலாக வளர்ந்ததும் எல்லோரும் அறிந்தது. ஒரு நாவலுக்கு வேண்டிய முரண் முழுக்க அதில் இருந்தது. இரு பக்கத்திலும் வில்லன் கிடையாது, இரு பக்கத்துக்கும் தாகம்.

இந்த அளவுகோலில் முதலிடம் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டூன்’ (1965) நாவலுக்கு. அறிவியல் புனைவு என்று அடுக்கினாலும் கட்டுமானத்தில் அது புனைந்த உலகத் தொடரின் முதல் பாகமேதான். மழையில்லாத கிரகம். உடலின் வியர்வையை வடித்துத் திரும்பக் குடிக்கும் உடுப்பு. செத்தவர் உடம்பின் நீர் கூட்டத்துக்குச் சொந்தம். அங்குள்ள மாளிகையில் விருந்தாளிகள் கைகழுவித் துடைத்த துவாய்களைப் பிழிந்து, அந்தத் தண்ணீரைப் பிச்சைக்காரருக்கு விற்கும் வழக்கம் இருக்கிறது. புதிதாக வந்த பிரபு அதை நிறுத்துகிறார். அந்த ஊரில் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது, வந்தவர் எப்படிப்பட்டவர் என்ற இரண்டும் ஈரத் துவாய் ஒன்றிலேயே தெரிந்துவிடுகின்றன. பத்துப் பக்க வரலாறு செய்ய முடியாத வேலை இது.

மார்ட்டினின் உலகம் இந்தச் சோதனையில் கொஞ்சம் தடுமாறும். பருவம் ஆண்டுக்கணக்கில் நீள்கிற இடத்தில் குளிர்காலம் முழுக்க எதை உண்டு பிழைக்கிறார்கள்? வடக்கின் கோட்டையில் வெந்நீர் ஊற்றின் சூட்டில் கண்ணாடித் தோட்டம் இருப்பதாக முதல் பாகம் தொட்டுக்காட்டுகிறது. ஒரு கோட்டைக்கு அது போதும். கோட்டைக்கு வெளியே உள்ள சனத்துக்கு? அரச வம்சங்களின் மேல் விழும் வெளிச்சத்தில் பத்திலொரு பங்குகூட நெல்லறை மேல் விழவில்லை. மற்றப்படி அது கெட்டிக்கார நாவல். எட்டுப் பேரின் கண்வழியாகக் கதையை மாற்றி மாற்றிச் சொல்லி, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அவரவர் பெயரையே தலைப்பாக வைத்ததால், இத்தனை பேருக்குள்ளும் நாம் தொலைந்துபோவதில்லை.

மந்திரத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

மந்திரம் எதையும் செய்யும் என்றால் கதையில் ஆபத்தே இருக்காது. அதனால் நல்ல முதல் பாகம் மந்திரத்தின் எல்லையைத்தான் முதலில் போடும். லெ குவினின் உலகில் ஒன்றின் மெய்ப்பெயர் தெரிந்தவருக்கே அதன்மேல் அதிகாரம். அங்கே படிப்பிக்கும் மூத்த மந்திரவாதி ஒருவர் மாணவர்களை எச்சரிக்கிறார்: ஒரு தீவில் நீ பெய்விக்கும் மழை இன்னொரு தீவில் வறட்சியாகலாம். மேல்குளத்தில் மறித்தால் கீழ்குளம் வறளும் என்று தெரிந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என்.கே. ஜெமிசினின் ‘த ஃபிப்த் சீசன்’ (2015) இதை இன்னும் கடுமையாகச் செய்கிறது. பூமி அடிக்கடி அதிர்ந்து நாகரிகங்களை அழிக்கும் உலகில், அதிர்வை அடக்கும் சக்தி உள்ளவர்கள் மனிதரைக் காப்பாற்றுகிறார்கள். அதற்குப் பதிலாகக் கிடைப்பது வெறுப்பும் அடிமைத்தனமும். அந்தத் தொடரின் மூன்று பாகங்களும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து, அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டசிக்கும் வழங்கப்படும் ஹியூகோ விருதைப் பெற்றன.

அதிசயத்தைச் சமூகத்துக்குள் வைப்பதற்கு நம் பக்கத்திலேயே இலக்கணம் உண்டு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். எந்தக் கரையில் தீர்த்தம் எடுப்பது, எந்த வழியால் கொண்டுபோவது, எத்தனை நாள் விளக்கெரிவது என்று ஒவ்வொன்றுக்கும் முறை இருக்கிறது. அதிசயத்தைச் சுற்றி ஆட்களும் கடமைகளும் நாட்களும் இருக்கின்றன. பல நாவல்களில் மந்திரம் கைவிரலில் இருந்து வெறுமனே பாய்கிறது. அதைச் சுற்றி ஒரு ஊர் இருப்பதில்லை.

எரியும் ஊர்

இந்த வகையின் மிகத் தேய்ந்த உத்தி இது: எதிரி வருகிறான், கிராமம் எரிகிறது, கதாநாயகன் தப்பி ஓடுகிறான், பயணம் தொடங்குகிறது. கதை இயந்திரம் என்ற அளவில் காரணம் விளங்குகிறது. வீட்டில் இருக்க முடியாதபடி செய்தால்தான் சாதாரண ஆள் உலகைச் சுற்றக் கிளம்புவார்.

ஆனால் வன்னியில் இதை வாசிப்பவர் கேட்கும் கேள்விகள் வேறு. ஓடியவர் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்? வயதுபோனவர்களை யார் கூட்டிவந்தது? மாடுகளை அவிழ்த்துவிட்டார்களா? இரண்டாம் நாள் எங்கே சமைத்தார்கள்? பெரும்பாலான முதல் பாகங்களில் தப்பியவர் ஒரு வாளும் ஒரு துக்கமுமாக, இளமையாக, தனியாக இருப்பார். மிச்ச ஊர் கதையில் இருந்தே காணாமல் போய்விடும். இதைக் குறையாகவே எண்ணுகிறேன். இடப்பெயர்வு என்பது கூட்டமாக நடப்பது.

ஜோர்டனின் நாவலும் இந்த உத்தியில்தான் தொடங்குகிறது: குளிர்கால இரவொன்றில் தாக்குதல், வீடுகள் எரிகின்றன, இளையவர்கள் வெளியேறுகிறார்கள். ஆனால் அவர் ஊரைக் கைவிடவில்லை. நான்காம் பாகத்தில் அவர்களில் ஒருவன் திரும்பிவந்து, அங்கேயே இருந்தவர்களோடு சேர்ந்து அதைக் காக்கிறான். அந்தத் தொடரில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி அதுதான். அங்கே போய்ச் சேர இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் பொறுமை வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் பாகம் எழுதியவரையும் கட்டிப்போடும்

1. வெளியான பாகத்தை மாற்ற முடியாது. ஐந்தாம் பாகத்தில் ஒரு ஆறு தெற்கே ஓட வேண்டியிருந்தால், முதல் பாகத்தில் அது வடக்கே ஓடியிருக்கக் கூடாது. டோல்கீன் இதற்கு விதிவிலக்கு. 1937இல் வந்த ‘த ஹொபிட்’ நாவலில் மோதிரம் கைமாறும் அத்தியாயத்தை, பின்னால் எழுதிய பெரிய கதைக்குப் பொருந்தும்படி 1951 பதிப்பில் மாற்றி எழுதினார். அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது.

2. எழுதுபவரின் ஆயுளும் கணக்கில் சேரும். ஜோர்டன் 2007இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் முடித்துவைத்த பதினான்காம் பாகம் 2013இல் வந்தது.

3. தமிழில் எழுத நினைப்பவருக்கு இது இன்னும் நெருக்கமான பிரச்சினை. நம் பதிப்புச் சூழலில் இரண்டாம் பாகம் அச்சேறும் என்ற உத்தரவாதம் யாருக்கும் இல்லை. எனவே மார்ட்டினின் மாதிரியை விட லெ குவினின் மாதிரி நமக்கு உகந்தது: உலகம் திறந்தே இருக்கட்டும், கையில் எடுத்த ஒருவருடைய கதை அந்த நூலுக்குள் முடியட்டும்.

வாசிப்பவருக்கும் அதே வரிசையைத்தான் சொல்வேன். ‘எர்த்சீ’ முதலில், நீளம் குறைவு, ஆங்கிலமும் கடுமையில்லை. அடுத்து ‘டூன்’. டோல்கீனை எடுத்தால் மூன்று தொகுதியையும் சேர்த்து இரவல் வாங்குங்கள், முதலாவதோடு நிறுத்த முடியாது. மார்ட்டினைத் தொடங்கலாம், கடைசிப் பாகம் வராமலே போனாலும் பரவாயில்லை என்ற மனநிலை இருந்தால்.